தம்பியின் ஊனச் சான்றை மறுமதிப்பீடு செய்தால் வீட்டுக்கு வரும் மற்ற உதவித்தொகைகள் நின்றுவிடுமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. போன மாதம் 18 வயது முடிந்தது. சிறுவயதில் கொடுத்த சான்றில் 75 சதவீதம் என்று இருக்கிறது. அதை வைத்து மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1000, பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் 1200. அப்பா கேரளாவில் கொத்தனார் வேலை. மழை பிடித்தால் அந்த வருமானமும் இல்லை. இப்போது தம்பியை மறுபடியும் மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "சதவீதத்தைக் குறைச்சுட்டாங்கன்னா எல்லாரோட பணத்தையும் வெட்டிருவாங்க, பேசாம போகாம இருந்துருங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவருடைய சான்றில் எண் மாறினால் அதே வீட்டில் மற்றவர்களுக்கு வரும் பணமும் மாறுமா என்பது முதலாவது. மாறும் என்று பயந்து மறுமதிப்பீட்டுக்குப் போகாமல் இருந்தால் பணம் தப்புமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஏறக்குறைய முழுமையாகவே "மாறாது" என்று சொல்ல முடியும். இரண்டாவதற்கு என் பதில் இன்னும் உறுதியானது: தப்பாது, போகாமல் இருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

நான் மருத்துவர் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சட்ட உதவித் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, பல வருடமாக இந்த மாதிரிக் குடும்பங்களோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடப்பவன். உங்கள் தம்பியின் சான்றை நான் பார்க்கவில்லை. அதனால் போர்டு என்ன எண் போடும் என்று என்னால் சொல்ல முடியாது. எந்த எண் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், அவனை ஏன் கூப்பிட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டதாலோ, அரசு சந்தேகப்பட்டதாலோ கூப்பிடவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு வழிகாட்டுதலில், அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றை 5 வயதில், 10 வயதில், 18 வயதில் புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தை வளர வளர அதன் திறன் மாறும் என்பதால் இந்த ஏற்பாடு. 18 வயதில் கொடுக்கும் சான்று வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். அதாவது உங்கள் தம்பிக்கு இது பெரும்பாலும் கடைசி மதிப்பீடு. இதை முடித்துவிட்டால் இனி மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று அலைய வேண்டியதில்லை.

வீட்டில் இருக்கும் பழைய சான்றை எடுத்துப் பாருங்கள். சதவீதம் எழுதியிருக்கும் வரிக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கும், பலர் அதைப் படிப்பதே இல்லை. ஒன்று, இந்த நிலை கூடக்கூடியதா, கூடாததா, முன்னேற வாய்ப்புள்ளதா, இல்லையா என்பது. அடுத்தது, மறுமதிப்பீடு தேவையில்லை, அல்லது இத்தனை வருடம் இத்தனை மாதம் கழித்துத் தேவை, ஆகவே இந்தச் சான்று இன்ன தேதி வரை செல்லும் என்பது. அந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். அது ஏற்கெனவே தாண்டிவிட்டதா, இன்னும் நாள் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். அறிவுசார் குறைபாட்டில் சதவீதம் டாக்டரின் கண் மதிப்பில் வருவதில்லை. வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற ஒன்றை வைத்து, அன்றாட வாழ்க்கையில் அவன் எவ்வளவு தானாகச் செய்கிறான் என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 2018 வழிகாட்டுதல்படி அந்த மதிப்பெண் 20 வரை இருந்தால் 100 சதவீதம், 21 முதல் 35 வரை 90, 36 முதல் 54 வரை 75, 55 முதல் 69 வரை 50, 70 முதல் 84 வரை 25 சதவீதம். இடையில் 62, 68 என்றெல்லாம் வராது. ஆக, 75இல் இருக்கும் உங்கள் தம்பிக்கு எண் குறைந்தால் அடுத்த படி 50தான்.

இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தவறாகிறது. நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எல்லாருக்கும் ஒரே அளவு சதவீதம் கிடையாது. கை கால் பாதிப்பு போன்றவற்றில் "கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்" என்ற பிரிவில் வருகிறவர்களுக்கு 75 சதவீதம் வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் ஆகிய பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். உங்கள் தம்பிக்கு 50 என்று வந்தாலும் அந்த 2000 ரூபாய்க்கான தகுதி அப்படியே இருக்கிறது. 25 என்று வந்தால் மட்டும்தான் தகுதி போகும். 75 சதவீதம், அதாவது மிதமான பாதிப்பு என்று மதிப்பிடப்பட்ட ஒரு பையன் அந்த எல்லைக்கு வருவது அரிது. எந்த மதிப்பீட்டையும் நூறு சதவீதம் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது என்பதால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

இதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான அடி அங்கேதான் விழுகிறது. போலியோவாலோ, ரப்பர் மரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தோ, காலோ முதுகோ பாதிக்கப்பட்டு 75 அல்லது 80 சதவீதம் வாங்கியவர்களுக்கு மறுமதிப்பீட்டில் 70 என்று வந்தால், அந்த 5 சதவீதத்தில் 2000 ரூபாய் தகுதி போய்விடும். அவர்கள் அதோடு சோர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. வருவாய்த்துறை மூலம் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. 18 வயது முடிந்து 40 சதவீதம் இருந்தால் அதற்கு மனுக் கொடுக்கலாம். வறுமை, வேலையின்மை பற்றிய நிபந்தனைகள் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1500 ரூபாய். 2000 போய் 1500 வருவது நஷ்டம்தான், ஆனால் 2000 போய் ஒன்றும் வராமல் இருப்பதைவிட மேல். ஒரு அலுவலகம் நிறுத்தினால் இன்னொரு அலுவலகம் தானாகத் தொடங்காது. புது மனு நாம்தான் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் பணம் இல்லாமல் இருந்த குடும்பங்களைத் தக்கலையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு அலுவலகங்களையும் நம் ஆட்கள் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். எந்தப் பணம் வந்தாலும் "ஓ.ஏ.பி. பணம்" (முதியோர் ஓய்வூதியம்) என்றுதான் சொல்கிறோம். பராமரிப்பு உதவித்தொகை, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் ஆணையில் வருவது. வருவாய்த்துறை ஓய்வூதியங்கள் அந்தந்தத் தாலுகாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையில் வருபவை. உங்களுக்கு அது கிள்ளியூர் தாலுகா. எது யாரிடமிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் வங்கிப் பாஸ்புக்கைப் பதியவைத்துப் பாருங்கள். மாதம் 2000 வரவு என்றால் நலத்துறை, 1500 என்றால் வருவாய்த்துறை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய ஆணைக் கடிதம் கிடைத்தால் அதில் யார் கையெழுத்து, என்ன கோப்பு எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் அந்த எண் இல்லாமல் எந்த மேசையிலும் பதில் கிடைக்காது.

இப்போது அம்மாவின் பணம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. குடும்பத் தலைவி என்ற அடிப்படையில் அது அம்மாவுக்கு வருகிறது. 21 வயது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் நிலம் இல்லாமை, வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். அதில் தம்பியின் ஊன சதவீதத்துக்கு எந்த இடமும் இல்லை. அது மட்டுமில்லை, கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பு உதவித்தொகை வரும் குடும்பத்தில் தகுதியுள்ள பெண் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் திட்டத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர் இருக்கும் வீட்டிலும் மற்றொரு தகுதியுள்ள பெண் பெறலாம் என்பதை 2023 ஆகஸ்டில் சேர்த்தார்கள். ஆகவே, தம்பிக்கு 2000, பாட்டிக்கு 1200, அம்மாவுக்கு 1000 என்று மூன்றும் ஒரே வீட்டுக்கு வருவது சட்டப்படி சரியே. யாரையும் ஏமாற்றி வாங்கவில்லை. அம்மாவுக்கே தனியாக ஏதாவது ஓய்வூதியம், உதாரணமாக அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய ஓய்வூதியம் வரத் தொடங்கினால்தான் உரிமைத் தொகைக்குப் பிரச்சினை வரும். அண்டி ஆபீசிலோ (முந்திரி ஆலை) கட்டிட வேலையிலோ இருந்து வாரியத்தில் பதிந்திருப்பவர்கள் 60 வயதை நெருங்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

பாட்டியின் 1200 ரூபாய்க்கு அவருடைய வயது, ஆதரவற்ற நிலை, சொத்து ஆகியவையே அடிப்படை. பேரனின் சான்றோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு ஓய்வூதியம்தான். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று வரலாம். ஒரே ஆளுக்கு நலத்துறையிலிருந்து 2000, வருவாய்த்துறையிலிருந்து 1500 என்று இரண்டு வரக் கூடாது. சில வீடுகளில் ஏதோ ஒரு முகாமில் யாரோ எழுதிக் கொடுத்து இரண்டும் வந்துகொண்டிருக்கும். மறுமதிப்பீட்டில் ஆதார் எண்ணோடு எல்லாம் சரிபார்க்கப்படும்போது இது வெளியே வரும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே நீங்களே எழுதிக்கொடுத்து ஒன்றை நிறுத்துவதுதான் நல்லது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா என்பது ஒவ்வொரு கோப்பிலும் அதிகாரி எழுதும் ஆணையைப் பொறுத்தது. தானாக முன்வந்து எழுதிக்கொடுத்தவர்களிடம் மென்மையாக நடந்துகொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற சலுகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் இலவசம். அதற்கு 40 சதவீதம் போதும், 75 ஆனாலும் 50 ஆனாலும் ஒன்றுதான். ரயில் சலுகை அட்டைக்கு சதவீதத்தைவிட, துணையில்லாமல் பயணம் செய்ய முடியாது என்று மருத்துவர் தரும் சான்றுதான் முக்கியம். நம் மாவட்டத்து ரயில் நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வருகின்றன. அட்டை விஷயம் அங்கே போகும், மதுரைக்கு இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் அது உண்டு. தம்பி இன்னும் சேரவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. கார்டில் 80 சதவீதத்துக்கு மேல் நீலப் பட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 40க்குக் கீழே வெள்ளை. தம்பிக்கு 75 ஆனாலும் 50 ஆனாலும் மஞ்சள்தான், நிறம் மாறாது. வீட்டில் யாராவது வருமான வரி கட்டுகிறவர் இருந்தால், அவரைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்காகப் பழைய வரி முறையில் 40 சதவீதத்துக்கு 75,000, 80 சதவீதத்துக்கு 1,25,000 கழிவு உண்டு. அதில் 80 என்ற எல்லையைத் தாண்டுவதும் இறங்குவதும் கணக்கை மாற்றும். அந்த்யோதயா ரேஷன் அட்டை மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காகக் கிடைத்திருந்தால் சான்று நடப்பில் இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் போன்றவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடற்கரை ஊர்களிலிருந்து இதையும் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. போகாமல் இருந்தால்? சான்றில் எழுதிய தேதி தாண்டியதும் அது செல்லாது. செல்லாத சான்றை வைத்து எந்த அலுவலகமும் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. இன்றைக்கு நிற்காவிட்டாலும் வருடாந்தர உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது நிற்கும், அல்லது பஸ்ஸில், அல்லது வேறு ஏதாவது விண்ணப்பத்தில். சதவீதம் குறைந்து பணம் இழந்தவர்களைவிட, சான்று காலாவதியாகிப் பணம் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்படி நின்ற பணத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனால் இடைப்பட்ட மாதங்களின் நிலுவை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தகுதி இருந்தும் காகிதம் இல்லாததால் இழப்பது எவ்வளவு வேதனை என்று அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே போங்கள். ஆனால் தயாராகப் போங்கள். எனக்கு மிகவும் முக்கியம் என்று படுவது இந்தப் பகுதிதான்.

போர்டில் கேள்விகள் பெரும்பாலும் அம்மாவிடம்தான் வரும். தானாகச் சாப்பிடுவானா, உடை உடுத்துவானா, கடைக்குப் போவானா, காசு எண்ணுவானா, தனியாக பஸ் ஏறுவானா என்று கேட்பார்கள். நம் ஊர் அம்மாக்கள் பத்துப் பேர் நடுவில் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "எல்லாம் செய்வான் சாரே, நல்ல பிள்ளை" என்று சொல்லிவிடுவார்கள். அது பாசத்தில் வரும் சொல், ஆனால் தாளில் அது மதிப்பெண்ணாக ஏறும். மதிப்பெண் ஏறினால் சதவீதம் இறங்கும். அதே அம்மாவிடம் வெளியே திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வரும். கடைக்குப் போவான், ஆனால் நூறு ரூபாய் கொடுத்தால் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சம் வாங்காமல் வந்துவிடுவான். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் சாயங்காலம் மிச்சத்தைக் கொடுத்துவிடுவார். சட்டை போடுவான், பட்டன் மேலும் கீழும் மாறியிருக்கும், அம்மா கூப்பிட்டுச் சரிசெய்வாள். குளிப்பான், "சோப்புப் போடு, இப்போ தண்ணி ஊத்து" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கருங்கலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ்ஸில் போவான், அக்கா கூட இருந்தால்.

"செய்வான்" என்ற ஒரே பதிலுக்குள் இத்தனையும் மறைந்துவிடும். அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, காலையிலிருந்து ராத்திரி வரை அவன் எதைத் தானாகச் செய்கிறான், எதைச் சொன்னால் செய்கிறான், எதை நாம் செய்துகொடுக்கிறோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் அக்கா, உங்களுக்குத்தான் இது எளிது. போர்டில் அம்மா பேசும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து, அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு தடவை செய்ததைச் சொல்ல வேண்டாம், தினமும் நடப்பதைச் சொல்லுங்கள்.

கூட்டியும் சொல்லக் கூடாது. செய்யத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லி அவனைப் பழக்குவது அவனுக்குச் செய்யும் கெடுதல். அத்தோடு, பொய்யாகச் சலுகை பெற முயன்றால் இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ என்று 2016 சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறது. அவனுக்கு உண்மையே போதும்.

கூட எடுத்துப் போக வேண்டியவை: பழைய சான்று, யூ.டி.ஐ.டி. கார்டு, ஆதார், சிறப்புப் பள்ளியிலோ பள்ளியின் வள மையத்திலோ படித்த பதிவுகள், வலிப்புக்கோ வேறெதற்கோ மருந்து எடுத்தால் அந்தச் சீட்டுகள். 15 வயதுக்குப் பிறகு ஆதாரில் கைரேகை புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது செய்யாமல் விட்டுப் பிறகு வங்கியில் தடங்கலாவது மிகவும் சாதாரணம். கண்ணிலோ காதிலோ கைகாலிலோ வேறு பாதிப்பும் இருந்தால் அதையும் சேர்த்து மதிப்பிடும்படி முதலிலேயே கேளுங்கள். பல வருடமாகத் திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. விதிப்படி, வசிக்கும் மாவட்டத்திலோ சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டு உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆசாரிபள்ளம் வழியாகவே போவது நடைமுறையில் எளிது என்பது என் கருத்து. அங்கிருக்கும் சிகிச்சைக் காகிதங்களை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

வெளிவந்த சான்றில் உங்களுக்கு ஒப்பாத எண் இருந்தால், அங்கேயே சண்டை போட வேண்டாம். அதே சட்டத்தின் 59ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு, எனவே அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் பதிவாகும். ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

இன்னும் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 18 வயது என்பதால் உடனே வந்து நிற்கும். அவன் இப்போது சட்டப்படி மேஜர். இதுவரை அம்மா பாதுகாவலராக இருந்து நடத்திய வங்கிக் கணக்கை வங்கி நிறுத்தி வைக்கலாம், "பையனே கையெழுத்துப் போடட்டும், இல்லை கார்டியன் சான்று கொண்டு வாங்க" என்று கேட்கலாம். சதவீதம் மாறாமல், தகுதி போகாமல், பணம் கணக்கில் வந்தும் எடுக்க முடியாமல் நிற்கும் நிலை இது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. அங்கே விண்ணப்பித்து அம்மாவைச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமித்துச் சான்று வாங்கலாம். அந்தச் சான்றை ஏற்கும்படி ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மறுமதிப்பீட்டுச் சான்று கையில் வந்த அன்றே இந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அந்தக் குழு கூடும் நாள் நம் கையில் இல்லை.

உங்கள் பயத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. மாதம் 4200 ரூபாய் உங்கள் வீட்டில் அரிசியும் மருந்தும். ஒரு கையெழுத்தில் அது போய்விடும் என்று யார் சொன்னாலும் தூக்கம் வராது. 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் தொகை மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. முதியோருக்கு 1200, மாற்றுத்திறனாளிக்கு 1500 என்பது சரியாக அந்தக் கணக்கு. யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதாக நினைத்து அலுவலகத்தில் தயங்கி நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உரிமையைக் கேட்கப் போகிறீர்கள்.

எங்காவது மாட்டிக்கொண்டால், மாற்றுத்திறனாளி யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் இடமிருக்கிறது. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தால் போதும். பழைய சான்றில் "இன்ன தேதி வரை செல்லும்" என்ற வரியில் என்ன இருக்கிறது, 2000 ரூபாய் எந்த அலுவலக ஆணையில் வருகிறது என்ற இரண்டையும் பார்த்து இங்கேயே எழுதுங்கள். பெயர், ஆதார் எண், கணக்கு எண் எதையும் போட வேண்டாம். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.